கடல் கடந்து போன கேதம்

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு குருநாதன் யூரியா மூட்டைகளின் மேல் துண்டை விரித்துப் படுத்தால்தான் பூமயிலுக்குப் பொழுது விடியும்.

குருநாதன் அவள் புருஷன். திருப்புல்லாணியில் உரக்கடை வைத்திருந்தான். ஊர் அங்கிருந்து மேற்கே கொஞ்ச தூரம். கண்மாய்க்குக் கீழே நெல், மேட்டில் மிளகாய். பூமயில் தூக்குச் சட்டியில் சோறு கொண்டுவருவாள். அவன் தின்றுவிட்டு, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் குறட்டை விடத் தொடங்குவான். பில் போடுவதற்கென்று 2002-ல் வாங்கிய கம்ப்யூட்டர் கடை மூலையில் இருந்தது. பூச்சிமருந்து வாடை மூக்கைப் பிடுங்கும் அந்த அரையிருட்டில் அவள் உட்கார்ந்து என்ன செய்கிறாள் என்று அந்தக் கடைத்தெருவில் ஒருத்தருக்கும் தெரியாது. கேட்டவர்களும் இல்லை.

அவள் மதுரையில் எம்.எஸ்சி. இயற்பியல் படித்தவள். மேலே ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்த அதே சமயத்தில் மாப்பிள்ளையும் கிடைத்தான். இரண்டும் சேர்ந்து கிடைத்தால் எது நிற்கும், எது போகும் என்று பெண்ணைப் பெற்ற வீட்டில் யாரும் உட்கார்ந்து யோசிப்பதில்லை. மாப்பிள்ளை பத்தாம் வகுப்பில் பெயில் என்பதைத் தாலி கட்டிய பிறகு சொன்னார்கள். ஆள் நல்லவன் என்பதையும் அதற்குப் பிறகுதான் அவளாகத் தெரிந்துகொண்டாள். பிள்ளை பிறக்கவில்லை. திருப்புல்லாணிக் கோயில் பாயசம் குடித்தாயிற்று, ஏர்வாடிக்கும் போய் வந்தாயிற்று. மாமியார் இருளம்மாள் போகிற வருகிற இடத்திலெல்லாம், "எம்மகனுக்குப் பேரு சொல்ல ஒண்ணு இல்லையே" என்று சொல்லி வாயை மூடிக்கொள்வாள். மருமகள் காதில் விழுகிற தூரத்தில்தான் சொல்வாள்.

ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக ஒரு சிடி வந்தது. அதில் இருந்தது அந்தப் புரோகிராம். அணுக்கள் குட்டிக் காந்தங்கள் மாதிரி வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றும் மேலே பார்க்கலாம், கீழே பார்க்கலாம். குவாண்டம் விதிப்படி இரண்டும் கலந்த நிலையிலும் இருக்கலாம். அப்படி ஒரு கூட்டமே சேர்ந்து என்ன செய்யும் என்பதைப் பரிசோதனைச் சாலை இல்லாமல் கம்ப்யூட்டருக்குள்ளேயே போட்டுப் பார்க்கிற புரோகிராம் அது. யாருக்கும் சொந்தமில்லை. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், உள்ளே எழுதியிருப்பதைப் படிக்கலாம், திருத்தலாம். நல்லபடியாகத் திருத்தி அனுப்பினால் நார்வேயில் இருந்த ஹென்ரிக் என்கிறவர் பார்த்துச் சேர்த்துக்கொள்வார். அவர்தான் அதற்குப் பொறுப்பு.

சிக்கல் என்னவென்றால், ஒரு காந்தத்தைக் கூட்டினால் கணக்கு இரண்டு மடங்காகும். இன்னொன்றைக் கூட்டினால் அதற்கும் இரண்டு மடங்கு. பெரிய பல்கலைக்கழகத்து மெஷின்களே மூச்சு வாங்கும். பில் போடுகிற கம்ப்யூட்டர் எந்த மூலைக்கு? முதல் தடவை ஓட்டியபோது அது அப்படியே செத்த மாடு மாதிரிக் கிடந்தது.

பூமயில் அதை விடவில்லை. கல்யாண வீட்டுப் பாத்திரம் அத்தனையையும் அடுப்படியில் பரப்பினால் சமைக்கிறவள் எங்கே நிற்பாள்? வேண்டியதை எடுத்து, வேலை முடிந்ததும் கழுவி உள்ளே வைத்துவிட்டு, அடுத்ததை எடுக்க வேண்டியதுதானே? கணக்கை அப்படித் துண்டு துண்டாக்கி, ஒரு துண்டை மட்டும் நினைவில் வைத்து மற்றதை டிஸ்க்கில் தள்ளி, முறை வைத்துக் கொண்டுவருகிற ஒரு பகுதியை எழுதினாள். காந்தங்களை வளையமாக நிறுத்தினால் சுற்றிச் சுற்றி ஒரே மாதிரி வருகிறவற்றை ஒரே தடவை வைத்துக்கொண்டால் போதும் என்பதையும் அதில் சேர்த்தாள். எழுதி முடிக்க ஒன்றரை வருஷம் ஆனது. எல்லாம் அவன் குறட்டை விடுகிற நேரத்தில்.

ஒருநாள் பாதித் தூக்கத்தில் எழுந்து கேட்டான்.

"என்னதான் பண்ற அங்கன?"

"கணக்குப் போடுறேன்."

"யாருக்கு?"

"யாரு வேணாலும் எடுத்துக்கிறலாம்."

"காசு குடுப்பானா?"

"அவுக எனக்குச் சும்மாதான குடுத்தாக? நானும் சும்மா குடுக்குறேன்."

"அன்னதானமா?"

"அப்பிடித்தான் வச்சுக்கங்களேன்."

"சரித்தான். அன்னதானம் போடுறவ போன் லைனப் புடிச்சுக்கிட்டே உக்காந்திருக்காத. கம்பெனிக்காரன் லோடு விசயமாப் பேசணும்னு கூப்புட்டா கிடைக்காது." சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தான். அதற்கு மேல் ஒருநாளும் தடை சொன்னதில்லை. அந்த வீட்டில் அது பெரிய விஷயம்.

மெயில் கணக்கு மட்டும் அவன் பேரில் இருந்தது. கடைக்கென்று கொழுந்தன் மருதுபாண்டிதான் திறந்து கொடுத்தான். அவன் ராமநாதபுரத்தில் செல்போன் கடை வைத்திருந்தான்; வீட்டில் இங்கிலீஷ் எழுதத் தெரிந்தவன் தான் ஒருவன்தான் என்ற நினைப்பு அவனுக்கு. கடை, நிலம், ரேஷன் கார்டு, கேஸ் இணைப்பு எல்லாம் குருநாதன் பேரில் இருக்கும்போது மெயில் மட்டும் தன் பேரில் இல்லையே என்று பூமயிலுக்குத் தோன்றவே இல்லை. அடியில் 'பி. குருநாதன்' என்று போட்டு அனுப்பினாள். 'பி' என்றால் பூமயில், மற்றது அவன். ஹென்ரிக் 'அன்புள்ள குரு' என்று பதில் போட்டார். முதல் மெயிலிலேயே திருத்தியிருக்கலாம். அன்றைக்கு ஊருக்குப் போகிற பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடிவிட்டாள். அப்புறம் பத்து மெயில் போன பிறகு, 'நான் பொம்பளை' என்று தனியாக ஒரு மெயில் போடுவது அசிங்கமாக இருந்தது. அந்த ஊரில் புருஷன் பேரை எந்தப் பெண்ணும் வாயால் சொல்வதில்லை. அவளும் சொன்னதில்லை. எழுத்தில் மட்டும் வாரம் தவறாமல் அவன் பேரை எழுதிக்கொண்டிருந்தாள். அதில் அவளுக்கு ஒரு சின்ன சந்தோஷமும் இருந்தது.

அவள் எழுதிய பகுதி புரோகிராமில் சேர்ந்தது. வசதியில்லாத கல்லூரிகளிலிருந்து பிள்ளைகள், 'எங்கள் பழைய மெஷினிலும் ஓடுகிறது' என்று எழுதினார்கள். ஹென்ரிக் அந்தப் பகுதியின் பொறுப்பையே அவளிடம் கொடுத்தார். யாராவது அதில் கை வைப்பதானால் அவளைக் கேட்க வேண்டும். வீட்டில் உப்புச் சாடியை இடம் மாற்றி வைக்கக்கூட மாமியாரைக் கேட்க வேண்டியவள் அவள்.

2006 ஆவணியில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு மீன் லாரி குருநாதனின் பைக்கை இடித்துத் தள்ளியது. ராமநாதபுரம் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது.

அந்தப் பக்கத்தில் கேதம் சொல்வது என்பது சாவைவிடப் பெரிய வேலை. செத்தவரோடு கொடுக்கல் வாங்கல் உள்ள, ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடித்த எல்லாருக்கும் சாவுச் செய்தி போயாக வேண்டும். ஒரு வீடு விடுபட்டால் அந்த வீட்டுக்காரர்கள் மூன்று தலைமுறைக்கு முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். 'எங்களுக்குக் கேதம் சொல்லலையே' என்று கல்யாணப் பந்தியில் எழுந்துபோனவர்களையெல்லாம் பார்த்த ஊர். மருதுபாண்டி சொந்தபந்தத்துக்கு ஆள் அனுப்பினான், போன் போட்டான். மறுநாள் கடையைத் திறந்து, அண்ணன் மெயிலைத் திறந்தான். உரக் கம்பெனிகளுக்குச் சொல்ல வேண்டுமே. பார்த்தால் என்னென்னவோ வெளிநாட்டு முகவரிகள். யாரென்று தெரியாவிட்டாலும் அண்ணனோடு தொடர்பு உள்ளவர்கள், விடலாமா? ஒருத்தரையும் விடாமல் எல்லாருக்கும் ஒரே வரியை அனுப்பினான்: என் அண்ணன் குருநாதன் சாலை விபத்தில் காலமானார் என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

அப்போது பூமயில் உள்ளறையில் இருந்தாள். தாலி அறுத்தவள் முப்பதாம் நாள் கழியும் வரை வாசல் தாண்டக்கூடாது. கேதம் கேட்க வந்த பெண்கள் கட்டிப்பிடித்து அழுதுவிட்டுப் போனார்கள். அவளுக்கு ஒப்பாரி வரவில்லை. மதியமானால் மட்டும், தூக்குச் சட்டியை எடுக்கக் கை தன்னால் எழும்பும். அப்போது அழுதாள்.

பதினாறாம் நாள் காரியத்தன்று மருதுபாண்டி கத்தைக் காகிதத்தோடு வந்து முற்றத்தில் நின்று படித்தான். நார்வே, பிரேசில், கொரியா. ஒவ்வொன்றையும் இங்கிலீஷில் படித்துவிட்டுத் தமிழில் சொன்னான்.

"ஆத்தா, கேளு. 'குரு எங்களுடைய அருமை நண்பர். சின்ன மெஷினையும் பெரிய கணக்குப் போட வைத்தவர். இந்த வருடம் வெளியாகும் எங்கள் புரோகிராமை அவர் நினைவுக்குக் காணிக்கையாக்குகிறோம்.' அண்ணன் பேர அதுல போட்டே வெளியிடுறானுகளாம். ஒலகம் பூராம் போகும்."

இருளம்மாள் மார்பில் அடித்துக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள். "எம்மகன் பேரா?"

"உம்மகன் பேருதான்."

உள்ளறையில் சுவரோடு சுவராக உட்கார்ந்து, தனக்கு வந்த இரங்கலைப் பூமயில் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் எழுதியதை வரிவரியாகப் புகழ்ந்திருந்தார்கள். 'குரு' உயிரோடு இருந்தபோது ஹென்ரிக் இவ்வளவு சொன்னதில்லை. எழுந்து போய், 'அது நானு' என்று சொல்ல வாசல் தாண்ட வேண்டும். தாண்டக்கூடாது. தாண்டினாலும், புருஷன் செத்த பதினாறாம் நாள் ஒருத்தி முற்றத்தில் நின்று அவன் பெருமையை எனக்குக் கொடு என்று கேட்டால் செருப்பால் அடிப்பார்கள். சாயங்காலத்துக்குள் பஸ் ஸ்டாப்பில் பிளக்ஸ் போர்டு ஏறியது. குருநாதன் கூலிங்கிளாஸ் போட்ட படம், கீழே 'வெளிநாட்டு விஞ்ஞானிகளின் கண்ணீர் அஞ்சலி'.

முப்பது கழிந்து வந்தாள் சாலிஹா. எம்.எஸ்சி.யில் கூடப் படித்தவள். கீழக்கரையில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிறாள். பூமயில் செய்த வேலை இன்னதென்று தெரிந்த ஒரே ஆள். பஸ் ஸ்டாப்பில் இறங்கி போர்டைப் பார்த்துவிட்டு நேராக உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

"இன்னா லில்லாஹி. மச்சான் நல்ல மனுசன். அதுக்கு அழுது முடிச்சிட்டுத்தான் பேசுறேன், கோவிச்சுக்காத. ஏ புள்ள, இது என்ன கூத்து? ஒன்ன உசிரோட பொதச்சிருக்கானுக."

"தம்பி தெரியாமப் பண்ணிட்டாக."

"தெரியாமப் பண்ணினதத் தெரிஞ்சு திருத்து. மதுரையில ஒரு காலேஜ்ல ஆராய்ச்சிக்கு ஆள் எடுக்குறாக. நமக்குப் பாடம் எடுத்த மேடம்தான் அங்க தலைவி. 'அவ அப்பிடி என்ன செஞ்சிருக்கா, காட்டச் சொல்லு'ங்கிறாக. அந்த நார்வேக்காரரு ரெண்டு வரி எழுதிக் குடுத்தாப் போதும். சம்பளம் வரும், ஹாஸ்டல்ல இருக்கலாம். இங்கன இருந்து என்ன பண்ணப் போற? மாமியாளுக்குக் கால் அமுக்கப் போறியா?"

ஒன்பது வருஷத்துக்கு முன் போன பஸ் திரும்பி வந்து வாசலில் நிற்கிற மாதிரி இருந்தது பூமயிலுக்கு. ஒரு மெயில் போட்டால் ஏறிவிடலாம்.

"அத்தைகிட்டச் சொல்லிட்டு எழுதுறேன்" என்றாள்.

"சொல்லாம எழுது. சொன்னியோ, கெட்ட."

ஆனால் சொல்லாமல் எழுத அவளால் ஆகவில்லை. போர்டு தொங்குகிறது. மருதுபாண்டி அந்தக் காகிதத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறான். இருளம்மாள் வருகிறவர்களிடமெல்லாம் அதைக் காட்டுகிறாள். திருட்டுத்தனமாக அதை உருவினால், நாளைக்கு இன்னொரு காகிதம் வந்து, அண்ணன் ஒன்றும் செய்யவில்லை என்று கொழுந்தன் முற்றத்தில் நின்று படிப்பான். அதற்குப் பதிலாகத் தானே நேருக்கு நேர் சொல்லிவிடலாம்.

மிளகாய்க்கு நாற்றுப் பாவிக்கொண்டிருந்த நாளில் காட்டில் வைத்துச் சொன்னாள். இருளம்மாள் பாத்தியில் குனிந்து விதை தூவிக்கொண்டிருந்தாள்.

"அத்தை, அந்த வெளிநாட்டுக் கணக்கு... அது அவுக போட்டதில்ல. நான் போட்டது. பேருதான் அவுகளது."

இருளம்மாள் நிமிரவில்லை. கையிலிருந்த விதை தீரும்வரை தூவினாள்.

"எனக்குத் தெரியாதாக்கும்" என்றாள். "நாந்தான பெத்தேன். பத்தாப்புல கணக்குல பதினொரு மார்க்கு வாங்கினான். வாத்தியாரு கூப்புட்டு, இவன மாடு மேய்க்க விடுன்னாரு. அவனா போட்டிருப்பான்?"

பூமயில் பாத்தி வரப்பில் உட்கார்ந்தாள்.

"தெரிஞ்சுமா, அத்தை..."

"தெரிஞ்சுதான். நீ இருக்க. நெனச்சா இன்னொண்ணு போடுவ. நாளைக்கு இதவிடப் பெருசாவும் போடுவ. அவன் என்னத்தா போடுவான் இனிமே?" இப்போதுதான் நிமிர்ந்தாள். முகமெல்லாம் நனைந்திருந்தது. "புள்ள இருந்தா பேரு சொல்லும். அது இல்ல. ஒன்னக் குத்திக்காட்டல. இல்ல, அம்புட்டுத்தான். இது ஒண்ணு கெடைச்சிருக்கு. இதையும் புடுங்கணும்னா புடுங்கிக்க. ஒன்னோடதுதான்."

பூமயில் மெயில் எழுதவில்லை. மதுரைக்காரர்கள் வேறு ஆளை எடுத்தார்கள். சாலிஹா ஆறு மாசம் பேசவில்லை. "நீயெல்லாம் எதுக்குடி படிச்ச?" என்று போனில் கேட்டதோடு சரி.

உரக்கடையை மருதுபாண்டி ஏற்றுக்கொண்டான். பில் போட மதினிதான் வேண்டும் என்று அவளை உட்காரவைத்தான். மதியம் ஷட்டர் பாதி இறங்கும். குறட்டை இல்லாத அந்த அமைதியில் அவளால் இரண்டு வருஷம் அந்தப் புரோகிராமைத் திறந்து பார்க்க முடியவில்லை. அப்புறம் மனசு கேட்கவில்லை. தன் பேரில் புதிதாக ஒரு மெயில் திறந்தாள். பூமயில், அவ்வளவுதான், முன்னும் பின்னும் எதுவும் இல்லை. புது ஆளாகப் போய் நின்றாள். புது ஆளுக்குக் கொடுக்கிற வேலையைக் கொடுத்தார்கள்: விளக்கக் குறிப்புகளில் எழுத்துப்பிழை பார்க்கிற வேலை. அவள் எழுதிய குறிப்புகளுக்கே அவள் கமா போட்டாள்.

அப்படிப் படித்துக்கொண்டு வந்தபோதுதான், 2009 தையில், தன் பகுதியில் ஒரு தப்பைக் கண்டாள். வளையத்தைச் சுற்றும்போது சில வரிசைகள் முழுச் சுற்று வராமல் பாதியிலேயே பழையபடி வந்து நின்றுவிடும். அவற்றில் சில, டிஸ்க்கில் ஒரு துண்டு முடிந்து அடுத்த துண்டு தொடங்குகிற இடத்தில் இரண்டு தடவை எண்ணப்பட்டிருந்தன. எல்லா வளையத்துக்கும் வராது; சில அளவுக்கு மட்டும் விடை கொஞ்சம் பிசகும். கொஞ்சம்தான். ஆனால் எங்கோ ஒரு பிள்ளை அந்த விடையை நம்பி ஆராய்ச்சி எழுதிக்கொண்டிருக்கும். பூமயில் அன்று மதியமே உட்கார்ந்தாள். திருத்தி அனுப்பினாள்.

அந்தப் பகுதிக்கு இப்போது பொறுப்பு ஒரு பிரேசில்காரப் பையன். மரியாதையாக மறுத்து எழுதினான்: 'இது மறைந்த குருவின் பகுதி. அவர் மிகவும் கவனமானவர். அவர் இப்படி எழுதியிருந்தால் அதற்குக் காரணம் இருக்கும். நீங்கள் புதியவர். அவருடைய குறிப்புகளை முதலில் படித்துப் பாருங்கள்.'

அவள் அதைப் படித்துச் சிரித்தாள். பூச்சிமருந்து வாங்க வந்தவன் ஒரு மாதிரியாகப் பார்த்தான். சிரிப்பு நிற்காமல், சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு உள்ளே போய் மூட்டைச் சந்தில் நின்றாள்.

எழுதியவள் நான்தான் என்று ஒரு வரி போட்டால் முடிந்தது. போடவில்லை. கையால் போட்டுச் சரிபார்க்கிற அளவுக்குச் சின்ன வளையங்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் விடையை எழுதி, புரோகிராம் சொல்லும் விடையைப் பக்கத்தில் வைத்து அனுப்பினாள். திரும்பத் திரும்ப அனுப்பினாள். கடைசியில் ஹென்ரிக்கே தலையிட்டுப் பார்த்து, ஒப்புக்கொண்டார். அடுத்த வெளியீட்டின் அறிவிப்பில் அது வந்தது: 'குருவின் பகுதியில் இருந்த பிழை ஒன்றை, பூமயில் என்ற புதிய பங்களிப்பாளர் கண்டுபிடித்துத் திருத்தினார்.'

அண்ணன் பேர் எங்கே வந்தாலும் தேடிப் படித்து ஆத்தாளிடம் சொல்கிறவன் மருதுபாண்டி. அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்குள் நுழையும்போதே இருளம்மாள் காத்திருந்தாள்.

"வா. செத்தவன் மேலயும் குத்தம் கண்டுபிடிச்சாச்சாக்கும்."

"தப்பு இருந்துச்சு அத்தை. விட்டா ஊரான் புள்ளைக கணக்குத் தப்பாப் போகும்."

"அவன் பண்ணாத தப்புத்தான அது? அதக் கொண்டுபோயி அவன் தலையில வச்சிட்டியே. ஒலகம் பூராம் படிப்பாகளே, குருநாதன் தப்புப் பண்ணிட்டான்னு."

"பேர எடுத்துக்கிட்டா எல்லாஞ் சேந்துதான் வரும். நான் என்ன செய்ய?"

அடுப்பில் உலை கொதித்துப் பொங்கியது. இரண்டு பேரும் எழவில்லை.

"அத..." என்று கிழவி கொஞ்சம் இறங்கிய குரலில் கேட்டாள், "அத அவனே திருத்திட்டான்னு போடச் சொல்ல முடியாதா? நீ சொன்னா கேக்க மாட்டானுகளா?"

"அவுக செத்து மூணு வருசம் ஆச்சுன்னு அவுகளுக்குத் தெரியும், அத்தை. நாமதான கேதம் சொன்னோம்."

இருளம்மாள் தலையை ஆட்டினாள். ஆமாம், யாரையும் விடாமல் சொன்னோம் என்கிற மாதிரி. அப்புறம் முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு அழத் தொடங்கினாள். பூமயில் எழுந்து போய் உலையில் அரிசியைப் போட்டாள்.